ஒரே எடை, இரண்டு குணம்: வேட்டைத் தோட்டாவுக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

மாணவர்களே, மேசையின்மேல் இரண்டு தோட்டாக்கள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனையில் மட்டும்தான், உண்மையான தோட்டாவை வைத்திருக்க உங்களுக்கும் எனக்கும் அனுமதி இல்லை. ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன். சிவப்புப் பிளாஸ்டிக் உறை, அடியில் பித்தளை மூடி. இரண்டிலும் 32 கிராம் ஈயம். வெடிமருந்தும் ஒரே அளவு. ஒன்றின் உறையில் ‘7’ என்று அச்சிட்டிருக்கிறது, மற்றதில் ‘எஸ்.ஜி.’ என்று இருக்கிறது. முதல் தோட்டாவால் காட்டுப்பன்றியைச் சுட்டால், அது காயத்தோடு புதருக்குள் ஓடி, இரண்டு மூன்று நாள் துன்பப்பட்டுச் சாகும். இரண்டாவதால் பறக்கும் புறாவைச் சுட்டால், பெரும்பாலும் ஒன்றும் படாமல் புறா போய்விடும். எடை ஒன்று, வேகம் ஒன்று. பிறகு எங்கிருந்து வந்தது இந்த வேறுபாடு?

கெடாவில் இந்தக் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. கூலிம், பீடோங், பாலிங், சீக் பக்கம் தோட்டங்களிலோ தோட்டங்களை ஒட்டிய கம்பங்களிலோ வாழ்கிறவர்களுக்குக் காட்டுப்பன்றி என்ன செய்யும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. புதிதாக நட்ட செம்பனைக் கன்றின் அடியைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிடும். வளர்ந்த தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழம் அதற்கு ஆண்டு முழுவதும் விருந்து. நெகிரி செம்பிலானில் செம்பனைத் தோட்டங்களால் சூழப்பட்ட பாசோ காட்டில் 1990-களில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை இருப்பதாகக் கணக்கிட்டது. இதனால்தான் உரிமம் பெற்ற சிலர் கையில் துப்பாக்கியோடு தோட்டத்துக்குள் போகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை. மலாயில் ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள்.

அதற்குள் போகும் தோட்டாவுக்கு மலாயில் உள்ள பெயர் இன்னும் பொருத்தமானது: ‘பெலுரு பெனாபுர்’. ‘தாபுர்’ என்றால் தூவுதல், விதைத்தல். சாதாரணத் துப்பாக்கி ஒரு குண்டை அனுப்பும். இது விதை தூவுவதுபோல் ஒரு கைப்பிடி ஈயத்தைத் தூவும். அந்தச் சிறு ஈய உருண்டைகளை இந்தக் கட்டுரையில் ரவை என்று அழைப்போம். (உப்புமா ரவை அல்ல. ஆனால் அளவில் சில வகைகள் அதற்கு அண்ணன் முறைதான்.)

உறைக்குள் என்ன இருக்கிறது?

பித்தளை அடியின் நடுவில் ஒரு சிறு உலோகப் பொட்டு. தீபாவளிக்கு நீங்கள் வெடிக்கும் பொட்டுவெடியைப்போல, தட்டினால் தீப்பொறி விடும் பொருள் அதில் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தியதும் மேலே உள்ள வெடிமருந்து பற்றிக்கொள்ளும். அது ஒரே நொடிப்பொழுதில் வாயுவாக மாறும்போது அழுத்தம் பல நூறு மடங்கு உயரும். வாயு பக்கவாட்டில் கசிந்துவிடாமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ரவைகள். வாயு கிண்ணத்தைத் தள்ள, கிண்ணம் ரவையைச் சுமந்துகொண்டு குழாய் வழியே ஓடுகிறது. வெளியே வந்ததும் காற்று மோதி, கிண்ணம் விரிந்து பின்தங்கிவிடும். ரவைகள் தனியே போகும், நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில்.

படிவம் 4 இயற்பியலில் வரும் உந்தக் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்க்கலாம். 0.032 கிலோகிராம் ஈயம், வேகம் 400. பெருக்கினால் 12.8. துப்பாக்கியின் எடை 3.2 கிலோ என்றால், அது பின்னோக்கி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரவேண்டும். வாயுவின் உந்தத்தைச் சேர்க்காமலே இந்த நிலை. தோளில் ஒட்டிப் பிடிக்காதவர் தோளைத் தேய்த்துக்கொண்டு வீடு திரும்புவது இதனால்தான்.

துப்பாக்கியை ‘12 போர்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 12 மில்லிமீட்டர் என்று நினைப்பவர்கள் பலர். அது பழைய ஆங்கிலேயர் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 454 கிராமை, 12 சம உருண்டைகளாக உருட்டுங்கள். அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழாய்தான் 12 போர். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். உருண்டையின் கனஅளவுச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். விடை 18.5 மில்லிமீட்டர் வருகிறதா என்று பாருங்கள். 20 போர் என்றால் 20 உருண்டை. எண் கூடினால் குழாய் சிறுக்கும்.

ரவையின் எண்ணிலும் அதே தலைகீழ் வழக்கம். எண் பெரிதானால் ரவை சிறிது. அமெரிக்கக் கணக்கில் 7-ஆம் எண் ரவையின் விட்டம் ஏறத்தாழ 2.5 மி.மீ. மிளகைவிடச் சிறியது. பெரிய ரவைகளுக்கு ஆங்கிலேயர் எண்ணுக்குப் பதில் எழுத்து வைத்தார்கள். அவர்கள் மலாயாவில் விட்டுச்சென்ற பெயர்களில் ஒன்றுதான் எஸ்.ஜி.; விட்டம் 8.4 மி.மீ. கொண்டைக்கடலை அளவு.

கனமும் பரப்பும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 2.5 மி.மீ. ரவை ஒன்றின் எடை 0.093 கிராம். 8.4 மி.மீ. ரவையின் எடை 3.5 கிராம். விட்டம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடியது. எடையோ 38 மடங்கு கூடிவிட்டது. விட்டத்தின் கனத்தைப் பொறுத்து எடை வளர்வதே காரணம். அதே 32 கிராமில், 7-ஆம் எண் தோட்டாவுக்குள் சுமார் 345 ரவைகள் இருக்கும். எஸ்.ஜி. தோட்டாவுக்குள் வெறும் 9.

காற்று என்ன செய்யும்? எதிர்க்கும் காற்று ரவையின் முகப்பரப்பில் மோதுகிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தாங்கும் எடை கனத்தைப் பொறுத்தது. ஒன்றை மற்றதால் வகுத்தால், வேகம் குறையும் விதம் விட்டத்துக்கு நேர்மாறாக இருக்கும். அதாவது சிறிய ரவை, பெரியதைவிட மூன்று மடங்குக்கு மேல் விரைவாகத் தளர்ந்துபோகும். தூறல் துளி மெல்ல இறங்குவதும், கனமழைத் துளி தகரக் கூரையில் அறைவதும் இதே கணக்குதான்.

இந்தக் கணக்கிலிருந்து, பிரெஞ்சு இராணுவத்தின் ஜூர்னே என்பவர் எளிய விதி ஒன்றைத் தந்தார். மெட்ரிக் அளவில் சொன்னால், ரவையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 80-ஆல் பெருக்குங்கள். ரவை அதிகபட்சம் எத்தனை மீட்டர் போகும் என்பது கிடைக்கும். 2.5 மி.மீ. ரவை 200 மீட்டர். எஸ்.ஜி. 670 மீட்டர்.

அந்த 670-ஐ நினைவில் வையுங்கள். செம்பனையைச் சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். ஒரே வரிசையில் எண்ணினால் 75 மரம் தள்ளி வரை அந்த ஒன்பது ரவைகளில் ஒன்று போய் விழக்கூடும். வேட்டைக்காரரின் நெற்றி விளக்கு அவ்வளவு தூரம் காட்டாது. கெடாவில் இன்னும் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் நெற்றியிலும் அதே போன்ற விளக்குதான். பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகள் நம் நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. பழகிய வேட்டைக்காரர்கள், பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் விசையை அழுத்துவார்கள். தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்றால், குறியில் படாத ரவை எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது.

அடுத்தது விரிவு. குழாயை விட்டு வெளியேறிய ரவைகள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் விரியும் என்பது தோராயக் கணக்கு. துப்பாக்கியின் வாயை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கிவைத்தால் விரிவு குறையும். தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அழுத்துவது போல என்று சொல்லலாம், முழுக்கச் சரியான உவமை இல்லை என்றாலும். இருபது மீட்டரில் ரவைக் கூட்டம் 50 செ.மீ. வட்டம். நாற்பது மீட்டரில் 100 செ.மீ. தூரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்கு.

பன்றியின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 400 சதுர செ.மீ. இருபது மீட்டரில் ஒன்பது ரவைகளும் ஏறத்தாழ 1,960 சதுர செ.மீ.க்குள் பரவுகின்றன. சராசரியாக அந்தச் சதுரத்தில் இரண்டு ரவை விழும். நாற்பது மீட்டரில் பரப்பு 7,850. சராசரி அரை ரவைகூட இல்லை. அதாவது இரண்டு முறை சுட்டால் ஒரு முறையாவது உயிர்நிலையில் எதுவும் படாது. மீதி ரவைகள் காலிலோ குடலிலோ பட்டுப் பன்றி ஓடும். எஸ்.ஜி. ரவை 600 மீட்டர் ‘போகும்’, ஆனால் 30 மீட்டருக்கு மேல் ‘வேலை செய்யாது’. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

புறாவுக்கு ஏன் சிறிய ரவை என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். 345 ரவை பரவினால் வட்டத்தில் புறா நுழையும் அளவு ஓட்டை இருக்காது. புறாவின் மெல்லிய உடலுக்குச் சிறிய ரவையின் வலுவும் போதும். பன்றியின் தடித்த தோலுக்கும் தோள் எலும்புக்கும் போதாது. (புறாவாக இருந்தாலும் பன்றியாக இருந்தாலும், வேட்டைக்கு வனவிலங்குத் துறையின் உரிமம் தனியாக வேண்டும், பல இனங்களுக்கு அதுவும் கிடைக்காது.)

வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலம் படித்திருப்பீர்கள். 1948 முதல் 1960 வரை. துங்குவும் சின் பெங்கும் 1955 டிசம்பரில் சந்தித்த பேச்சுவார்த்தை நம் பாலிங்கில்தான் நடந்தது. அந்தக் காலத்தில் ஊர்க்காவல் படையினர் பலருக்குக் கொடுக்கப்பட்டது இந்த வேட்டைத் துப்பாக்கிதான். காட்டில் சண்டை போட்ட பிரிட்டிஷ் படையும் இதை வைத்திருந்தது. பிறகு அவர்கள் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, சுமார் 30 கெஜத்துக்குள் குறி தவறாமல் படும் வாய்ப்பு மற்ற ஆயுதங்களைவிட இதற்கே அதிகம் என்று கண்டார்கள். அடர்ந்த காட்டில் எதிரி தெரிவதே அந்தத் தூரத்தில்தான். முப்பது கெஜம் என்பது 27 மீட்டர். நாம் மேலே பன்றிக்குப் போட்ட கணக்கோடு ஒத்துப்போவதைக் கவனியுங்கள்.

பலகைச் சுவரும் நான்கு மீட்டரும்

அவசரகாலத்தின் நினைவாலோ, இன்று பார்க்கும் படங்களாலோ, வீட்டுக் காவலுக்கு இந்தத் துப்பாக்கிதான் சிறந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. “இருட்டில் சுட்டாலும் படும், குறியே பார்க்க வேண்டாம்” என்பார்கள். நம் விதியைப் போட்டுப் பாருங்கள். ஒரு தோட்ட வீட்டு அறையின் நீளம் நான்கு மீட்டர். அந்தத் தூரத்தில் ரவை விரிவது பத்து சென்டிமீட்டர். உள்ளங்கை அளவு. குறி பார்க்காமல் சுட்டால் சுவரில்தான் படும்.

சுவரில் பட்டால்? எஸ்.ஜி. ரவை ஒன்றின் இயக்க ஆற்றல் புறப்படும்போது ஏறத்தாழ 280 ஜூல். பத்து கிலோ அரிசி மூட்டையை ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல் அது. அது ஒரு கொண்டைக்கடலையின் பரப்பில் குவிகிறது, அப்படி ஒன்பது. பழைய லயத்து வீடுகளில் இரண்டு குடும்பங்களுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“அப்படியானால் சிறிய ரவை போட்டால் சுவரைத் துளைக்காதே?” நல்ல கேள்வி. சிறிய ரவை ஒன்றின் ஆற்றல் ஏழரை ஜூல்கூட இல்லை. தனித்தனியாக வந்தால் பலகையில் பதிந்து நின்றுவிடும். ஆனால் நான்கு மீட்டரில் அவை தனித்தனியாக வருவதில்லை. 345-உம் பத்து சென்டிமீட்டருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. ஒன்று வெட்டிய இடத்தை அடுத்தது வெட்டும். பலகையில் ஓட்டை விழும். அந்தப் பக்கம் போனபின் சிதறி விரைவில் வலுவிழக்கும் என்பது உண்மை. அந்த ‘விரைவில்’ சில அறைகளின் நீளம். திருடனை நிறுத்தும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைத் தொடாது என்று சொல்லக்கூடிய தோட்டா இதுவரை இல்லை. ஆற்றல் எந்தச் சதையில் இறங்கலாம், எதில் இறங்கக்கூடாது என்று ஈயத்துக்குத் தெரியாது. என்னைக் கேட்டால், லயத்துக்கு நல்ல காவல் வாசல் விளக்கும், குரைக்கும் நாயும், 999-உம்தான்.

சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் காவல்துறையின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடப்படும் ஆயுதங்களுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிடக் கடுமையான தண்டனைகளை வைத்திருக்கிறது. தற்காப்பு உரிமை குற்றவியல் சட்டத்தில் உண்டு. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்ய அது இடம் தருவதில்லை.

கோபுரத்திலிருந்து குழம்புச் சட்டிக்கு

இவ்வளவு சிறிய உருண்டைகளை எப்படிச் செய்கிறார்கள்? ஆயிரக்கணக்கில் அச்சில் வார்க்க முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் வாட்ஸ் என்ற ஈயக் குழாய்த் தொழிலாளி 1782-இல் ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஒவ்வொரு துளியும் விழும்போதே பரப்பு இழுவிசையால் உருண்டையாகும். கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறுகிவிடும். இதற்காகவே கோபுரங்கள் கட்டினார்கள். மெல்பர்ன் நகரில் 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது, அதைச் சுற்றி ஒரு பேரங்காடியையே கட்டிவிட்டார்கள். ஐம்பது மீட்டர் விழ எத்தனை நொடி என்று கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று சொச்சம் வரும். உருண்டையாகவும் இறுகவும் அந்த நேரம் தேவைப்பட்டது.

ஈயத்தை விரும்பியதற்குக் காரணம் அதன் அடர்த்தி. இரும்பு ரவை அதே பருமனில் 30 விழுக்காடு எடை குறைவு; காற்றில் சீக்கிரம் தளரும். ஆனால் ஈயம் நஞ்சு. தாரா, உள்ளான் போன்ற நீர்ப்பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உடையவை. சேற்றில் கிடக்கும் ரவையைக் கல் என்று விழுங்கிவிடும். இரைப்பையில் அது அரைபட்டுக் கரைந்து, பறவை மெலிந்து சாகும். அதனால் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்புநிலங்களில் தடை செய்திருக்கிறது. மூடா வயல்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் வடக்கிலிருந்து வரும் பறவைகளும் இப்படி இரை தேடுபவைதான்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. தோட்டத்தில் பன்றி விழுந்தால் அன்று பல வீட்டில் கறிக்குழம்பு. எலும்பில் மோதும் ஈய ரவை நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக இறைச்சியில் பரவும். ரவையைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். துகள் அங்கேயே இருக்கும். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது. புளி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கரையும். குழந்தைகளின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது வளரும் மூளையைப் பாதிக்கிறது. காயம்பட்ட இடத்தைச் சுற்றி விரலளவு அல்ல, கையகலத்துக்கு வெட்டி எறிய வேண்டும். வெட்டியதை நாய்க்கும் போடக்கூடாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அந்தக் கறியைத் தவிர்ப்பது நல்லது. அடுத்தமுறை வீட்டில் வேட்டைக்கறி வந்தால் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போது சில சமயம் வெறும் பிளாஸ்டிக் உறைகள் கிடக்கும். வாய்ப்பகுதி பூப்போல விரிந்திருந்தால், அடியில் உள்ள பொட்டில் குழி இருந்தால், அது சுட்டு முடித்தது. வாய் மடிந்து மூடியிருந்தால் உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருக்கின்றன. மழையில் நனைந்து பழசாகிவிட்டது என்று நம்பாதீர்கள். பிளாஸ்டிக் உறை தண்ணீரை உள்ளே விடாது. பொட்டில் குழி இருந்தும் வாய் மூடியிருந்தால் அது வெடிக்காமல் போன தோட்டா, இன்னும் ஆபத்து. எடுக்காதீர்கள், பைக்குள் போட்டுப் பள்ளிக்குக் கொண்டு போகாதீர்கள், குப்பையோடு எரிக்காதீர்கள். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவரோடு பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். வந்து எடுத்துப்போவது அவர்கள் வேலை.